கர்ப்பம், சுற்றுச்சூழல், புற்றுநோய்: ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பகால ஆய்வுத் தரவுகளோடு புழங்குகிற வேலை என்று தெரிந்தால் போதும், போனில் ஒரு செய்தியைக் காட்டி "இது உண்மையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலைச் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எபிடெமியாலஜின்னா காலரா, கொரோனா பத்தின படிப்புதானே? புற்றுநோய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தொற்றுநோயில்தான் பேர் வாங்கியது, சரி. ஆனால் அடிப்படை வேலை எந்த நோய்க்கும் ஒன்றுதான்: யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, இந்த இரண்டு தரப்பின் வாழ்க்கையிலும் என்ன வித்தியாசம் என்று எண்ணிப் பார்ப்பது. 1775லேயே லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கவனித்து, புகைக்கரியைக் காரணமாகச் சொன்னார். 1926ல் ஆங்கிலேய மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன் மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 500 பெண்களையும் வராத சுமார் 500 பெண்களையும் ஒப்பிட்டார். எந்த வயதில் கல்யாணம், எத்தனை குழந்தைகள், தாய்ப்பால் கொடுத்தார்களா என்றெல்லாம் அவர் அன்று கேட்டவற்றை இன்றைய ஆய்வுகளும் கேட்கின்றன.

கர்ப்பிணிகளுக்கு விஷத்தைக் கொடுத்துச் சோதிக்க முடியாதே. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இரண்டு வழிகள். ஒன்று, நோய் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் போவது. இன்னொன்று, நோயில்லாத ஒரு பெரிய கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் முன்னோக்கிப் பின்தொடர்வது.

பின்னோக்கிப் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வயதானவர்களுக்கே அபூர்வமாக வரும் ஒரு வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் 15 முதல் 22 வயதுப் பெண்களுக்கு வந்தது. மொத்தமே எட்டுப் பேர். ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு பேர் வீதம், அதே காலத்தில் பிறந்த 32 பெண்களை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். நோய் வந்த எட்டுப் பேரில் ஏழு பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தின்போது டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டிருந்தார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று கொடுக்கப்பட்ட மருந்து அது. ஒப்பீட்டுக் குழுவின் 32 அம்மாக்களில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. 1971ல் கட்டுரை வந்தது. அதே ஆண்டு கர்ப்பிணிகளுக்கு அதைத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. நாற்பது பேரை வைத்துச் செய்த ஆய்வு! எண்ணிக்கை குறைவு என்று எந்த ஆய்வையும் எடுத்த எடுப்பில் ஒதுக்கத் தயங்குவதற்கு எனக்கு இதுதான் காரணம்.

கர்ப்பகாலத்துல மட்டும் என்ன தனி விசேஷம்? எந்த வயசுல பட்டாலும் விஷம் விஷம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எவ்வளவு பட்டது என்பதைப் போலவே, சில நேரம் அதைவிட அதிகமாக, எப்போது பட்டது என்பது முக்கியம்.

தாலிடோமைடு மாத்திரை 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961ல் திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். கை, கால், காது போன்றவை உருவாவதை அது கெடுத்தது, கருத்தரித்து ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையான இடைவெளியில்தான். அந்த இரண்டு வாரச் சொச்சத்துக்கு வெளியே சாப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஊனம் பிறக்கவில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956ல் வெளிப்பட்ட பாதரச நோயில் வேறொரு பாடம் கிடைத்தது. நச்சுப் பொருள்களை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று மருத்துவர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். அங்கே தாய்க்கு அறிகுறி லேசாகவோ இல்லாமலோ இருக்க, குழந்தை மூளைப் பாதிப்போடு பிறந்தது. அந்த ஊர்க் குடும்பங்கள் வழக்கப்படி காய வைத்துப் பாதுகாத்திருந்த தொப்புள்கொடிகளைப் பின்னாளில் சோதித்தபோது, எந்த ஆண்டுகளில் எவ்வளவு பாதரசம் போயிருக்கிறது என்று கணக்கிட முடிந்தது.

வயித்துல இருக்கும்போது பட்டது நாற்பது வயசுல புற்றுநோயா வருமா? நம்புற மாதிரி இல்லையே.

டி.இ.எஸ். கதையில் இருபது வருடத்தில் வந்ததைப் பார்த்தோம். இன்னும் நீளமான கணக்கும் உண்டு. சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா நகரத்துக்கு 1958ல் புது ஆற்று நீர் வந்தது. அதில் ஆர்செனிக் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டு அளவு 10தான். 1970-71 வாக்கில் சுத்திகரிப்பு ஆலை வந்து அளவு சரசரவென்று இறங்கியது. தொடக்கமும் முடிவும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த நிகழ்வு ஆய்வாளர்களுக்கு அபூர்வம். அந்த ஆண்டுகளில் கருவில் இருந்தவர்களும் சிறு குழந்தைகளாக இருந்தவர்களும் வளர்ந்து இளவயதை எட்டியபோது, நுரையீரல் புற்றுநோய் இறப்பு அவர்களிடையே நாட்டின் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு இருந்தது. தண்ணீர் சுத்தமாகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் நோய் வந்துகொண்டிருந்தது.

இன்னொன்று அமெரிக்காவின் ஓக்லாந்தில். 1959 முதல் 1967 வரை சுமார் 20,000 கர்ப்பங்களைப் பதிவு செய்து, தாய்மாரின் ரத்தத்தை உறையவைத்து வைத்தார்கள். 2015ல் பார்பரா கோன் குழு வெளியிட்ட முடிவு இது: தாயின் ரத்தத்தில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியின் ஒரு வகை மிக அதிகமாக இருந்தால், மகளுக்கு 52 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. நோய் வந்த மகள்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான் என்பதால், "நான்கு" என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். எந்தத் திசையில் போகிறது என்பதை நம்புகிறேன்.

"குரூப் 1 புற்றுநோய்க் காரணி"ன்னு போட்டா சிகரெட் அளவுக்கு ஆபத்துன்னுதானே அர்த்தம்?

இல்லை. லியான் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை போடும் அந்தப் பட்டியல், ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. புகையிலையும் குரூப் 1, பதப்படுத்திய இறைச்சியும் 2015லிருந்து குரூப் 1. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைச் சுமார் 18 சதவீதம் கூட்டும் என்பது அவர்கள் கணக்கு. சிகரெட் நுரையீரல் புற்றுநோயைப் பதினைந்து மடங்குக்கு மேல் கூட்டுகிறது. இரண்டும் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கின்றன.

வெளிக்காற்று மாசு 2013ல் குரூப் 1 ஆனது. செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் 2023ல் 2பி ஆனபோது பெரிய கலவரமே நடந்தது. 2பி என்றால் "இருக்கலாம், ஆதாரம் மட்டுப்பட்டது" என்ற நிலை, அவ்வளவுதான்.

"ஆபத்து 40 சதவீதம் அதிகம்"னு போட்டிருக்கு. அப்ப நூத்துக்கு நாற்பது பேருக்கு வருமா?

வராது. எதிலிருந்து 40 சதவீதம் என்று கேட்க வேண்டும். ஆங்கிலேய மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950களில் இங்கிலாந்தில் கண்ட ஒரு தொடர்புக்குப் பின்வந்த ஆய்வுகள் சொல்லும் எண் இதேதான்: கர்ப்பத்தின்போது தாயின் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்திருந்தால், பிள்ளைக்குச் சிறுவயதுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடும். 15 வயதுக்குள் புற்றுநோய் வருவது ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு. அது 40 சதவீதம் கூடினால் ஆயிரத்தில் மூன்றைக்கூடத் தொடாது. ஒரு தாய் பீதியடைய இது காரணமில்லை. ஆனால் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாடு அதை நிறுத்துவதற்குப் போதுமான காரணம். அவரைப் பல வருடம் யாரும் நம்பவில்லை என்பது தனிக் கதை.

டி.இ.எஸ்.ஸிலும் இதே கணக்குதான். கருவில் அந்த மருந்து பட்ட மகள்களில் அந்தப் புற்றுநோய் வந்தது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். மற்றவர்களுக்கு அது அநேகமாக வருவதே இல்லை என்பதால் மடங்குக் கணக்கு மலையாகத் தெரிந்தது.

எங்க தெருவுல அஞ்சு வருஷத்துல நாலு பேருக்குப் புற்றுநோய். பக்கத்துல ஃபேக்டரி. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

சங்கடமான கேள்வி, பதிலும் சங்கடமானதுதான். புற்றுநோய் என்பது நூற்றுக்கு மேற்பட்ட நோய்களின் பொதுப்பெயர்; வாழ்நாளில் பலருக்கும் ஏதாவது ஒன்று வருகிறது. ஆயிரக்கணக்கான தெருக்கள் இருந்தால், தற்செயலாகவே சில தெருக்களில் நாலைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். நோய் வந்த வீடுகளைப் பார்த்தபிறகு "இந்தத் தெரு", "இந்த ஐந்து வருடம்" என்று எல்லைக்கோடு போட்டால் எண்ணிக்கை எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். அமெரிக்காவில் இப்படி விசாரிக்கப்பட்ட புகார்களை 2012ல் ஒரு குழு தொகுத்தது. இருபது ஆண்டுகளில் 428 விசாரணைகள், அவற்றில் 567 புற்றுநோய் வகைகள். எண்ணிக்கை உண்மையிலேயே அதிகம் என்று உறுதியானது 72ல். தெளிவான காரணம் கிடைத்தது ஒன்றே ஒன்றில்.

அதற்காக எல்லாம் பிரமை என்று சொல்லிவிட முடியாது. ஒரே வகைப் புற்றுநோயா, அபூர்வமான வகையா, வரக்கூடாத வயதில் வருகிறதா என்று பாருங்கள். பாஸ்டனில் மூன்றும் இருந்தன. துருக்கியின் கப்படோசியா பகுதியில் சில கிராமங்களில் பாதிக்குப் பாதி என்று சொல்லும் அளவுக்கு மீசோதெலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோயில் இறந்தார்கள். வீடு கட்டிய கல்லில் இருந்த எரியோனைட் என்ற இழைக் கனிமம் காரணம். நாலு பேருக்கும் நாலு விதமான புற்றுநோய் என்றால் தெருவைவிட வயதுதான் காரணமாக இருக்கும். ஃபேக்டரி புகை கெடுதல் என்பதற்குப் புற்றுநோய் ஆதாரம் தேவையே இல்லை. அதைத் தனியாகவே எதிர்த்துக் கேளுங்கள்.

என் ரத்தத்துல கெமிக்கல் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, உடம்பு கெட்டுப்போச்சுன்னுதானே?

இருக்கிறது என்பதும் கெடுத்தது என்பதும் வேறு வேறு. இன்றைய கருவிகள் அநேகமாக எல்லார் ரத்தத்திலும் ஏதாவது கண்டுபிடிக்கும்.

இன்னொரு சிக்கல், பொருள் உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பினால்-ஏ சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். ஒரு நாள் சிறுநீரை வைத்து ஒன்பது மாதத்தை எடைபோட்ட ஆய்வுகளை நான் பாதி மனதோடுதான் படிப்பேன். டி.டி.டி.யும், ஒட்டாத பாத்திரப் பூச்சு போன்றவற்றில் வரும் பி.எஃப்.ஏ.எஸ். வகை ரசாயனங்களும் வருடக்கணக்கில் தங்கும், அதனால் ஒரு தடவை அளந்தாலும் பயன் உண்டு. ஆனால் அங்கேயும் கர்ப்பம் ஒரு குழப்பத்தைச் செய்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, சிறுநீரகம் வேகமாக வடிகட்டுகிறது. இந்த மாற்றம் நன்றாக நடந்த தாய்க்குக் குழந்தையும் எடையாகப் பிறக்கும், ரத்தத்தில் ரசாயனமும் குறைவாகத் தெரியும். ரசாயனம்தான் எடையைக் குறைத்தது போலப் பார்வைக்குத் தோன்றும். பி.எஃப்.ஏ.எஸ். வகையில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. பற்றிய ஆய்வுகளை 2018ல் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பத்தின் கடைசியில் ரத்தம் எடுத்த ஆய்வுகளில்தான் எடைக்குறைவு பெரிதாகத் தெரிந்தது. தொடக்கத்தில் எடுத்தவற்றில் மிகச் சிறியது.

காற்று மாசு குழந்தை எடையைக் குறைக்குதுங்கறாங்க. மெயின் ரோடு ஓரமா இருக்கறது ஏழைங்கதானே, வறுமைதான் காரணமா இருக்கக் கூடாதா?

சரியான சந்தேகம். வருமானம், சாப்பாடு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் கழிப்பார்கள். ஆனால் அளக்காத ஒன்றைக் கழிக்க முடியாது. அதனால்தான் எனக்குத் தற்செயலாக நடந்த மாற்றங்களைப் பயன்படுத்தும் ஆய்வுகள் மேல் தனிப் பிரியம்.

2008 ஒலிம்பிக்குக்காக பெய்ஜிங்கில் ஆலைகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்திக் காற்றைச் சுத்தமாக்கினார்கள். எட்டாம் மாதம் அந்த நாட்களில் வந்த கர்ப்பங்களில் பிறந்த குழந்தைகள், 2007லும் 2009லும் அதே நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடை. மற்ற மாதங்களில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை; மறுபடியும் "எப்போது" என்ற விஷயம்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா சுங்கச்சாவடிகளில் வண்டி நிற்காமலே கட்டணம் கழியும் முறை வந்ததும், 2 கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மாரிடம் குறைப்பிரசவம் சுமார் 11 சதவீதமும் எடைக்குறைவான பிறப்பு சுமார் 12 சதவீதமும் குறைந்தன. வசதி ஒரே நாளில் யாருக்கும் கூடிவிடவில்லை, புகைதான் குறைந்தது.

23 கிராமெல்லாம் ஒரு எடையா?

ஒரு குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அது சராசரி. ஒரு நகரத்தின் சராசரி கொஞ்சம் நகர்ந்தால், ஓரத்தில் இருக்கும் மிகச் சிறிய குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாக மாறும்.

அம்மாக்கள்கிட்ட கேட்டுத்தானே எழுதறாங்க? பத்து வருஷம் முன்னாடி நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஞாபகம் இல்லாததைவிட, நோய் வந்தவர்களுக்கு மட்டும் அதிகமாக ஞாபகம் இருப்பதுதான் பிரச்சினை. கருக்கலைப்பு செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சு அப்படி வந்ததுதான். நோய் வந்த பெண்கள் பழைய கருக்கலைப்பை மறைக்காமல் சொன்னார்கள், நோயில்லாதவர்கள் பலர் சொல்லவில்லை. அதனால் பின்னோக்கிப் போன ஆய்வுகளில் தொடர்பு இருப்பது போலத் தெரிந்தது. 1997ல் டென்மார்க்கில் 15 லட்சம் பெண்களின் அரசுப் பதிவேடுகளை, யாரையும் கேட்காமல், நேரடியாகப் பார்த்தபோது மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. 2004ல் 53 ஆய்வுகளைச் சேர்த்த பெரிய அலசலும் அதையே சொன்னது. இன்னும் சிலர் பழைய ஆய்வுகளையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படின்னா பிள்ளை பெத்தா மார்பகப் புற்றுநோய் வராதுங்கறது மட்டும் உண்மையா?

பாதி உண்மை. கன்னியாஸ்திரீகளுக்கு அந்த நோய் அதிகம் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713லேயே எழுதிவிட்டார். முதல் பிரசவம் இளவயதில் நடந்தால் வாழ்நாள் ஆபத்து குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியானது. ஆனால் பிரசவம் ஆனவுடன் சில காலம் ஆபத்து கூடும். 2019ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிரசவத்துக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்து அது உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய 24 ஆண்டுகள் கழித்துத்தான் நன்மைப் பக்கம் திரும்பியது. இளவயதில் அந்த நோயே அபூர்வம் என்பதால் உச்சத்திலும் எண்ணிக்கை சிறியதுதான். 40 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

புகைபிடிக்கிற அம்மாவுக்குப் பிறந்த எடை குறைஞ்ச குழந்தை, மத்த எடை குறைஞ்ச குழந்தையைவிட நல்லா பிழைக்குதாமே? அப்ப சிகரெட் நல்லதா?

இந்த எண் பொய்யில்லை. மேலே சொன்ன ஓக்லாந்து ஆய்வைத் தொடங்கிய யெருஷால்மியே 1971ல் இதை எழுதி, புகைபிடிப்பது குழந்தைக்குக் கெடுதலா என்று சந்தேகப்பட்டார். குழப்பம் ஒப்பீட்டில் இருக்கிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கப் பல காரணங்கள் உண்டு: சிகரெட், பிறவிக் குறைபாடு, தொற்று. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் தனியாகப் பிரித்தால், புகைபிடிக்காத தாயின் குழந்தைக்கு மற்ற கொடிய காரணங்களில் ஒன்று இருக்கும் வாய்ப்பு அதிகம். அதோடு ஒப்பிடும்போது சிகரெட்டால் இளைத்த குழந்தை தேவலை என்று தெரிகிறது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகள்தான் அதிகம் இறக்கின்றன.

உயிரோடு பிறந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்விலும் இதே பொறி உண்டு. 1988ல் வெளியான ஓர் ஆய்வில் பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்ததில், கரு பதிந்தபின் கலைந்தவை 31 சதவீதம்; பெரும்பாலானவை தாய்க்கே தெரியாமல். ஒரு நச்சு கருவைத் தொடக்கத்திலேயே கலைத்துவிட்டால், பிறந்தவர்களிடம் அது சாது போலத் தெரியும்.

லட்சம் பேரை ஆராய்ஞ்சுட்டும் "மேலும் ஆய்வு தேவை"ன்னு முடிக்கிறாங்களே, ஏன்?

நார்வே, டென்மார்க், ஜப்பான் மூன்றும் ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் கர்ப்பங்களைப் பின்தொடர்கின்றன. லட்சம் குழந்தைகளில் 15 வயதுக்குள் புற்றுநோய் வருவது சுமார் 200 பேருக்கு. அதில் ரத்தப் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் குறிப்பிட்ட ஒரு பூச்சிமருந்து, குறிப்பிட்ட மாதத்தில் பட்டவர்கள் என்று பிரித்தால் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். பல நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்ப்பதுதான் வழி. அமெரிக்கா இதேபோல ஒரு பெரிய ஆய்வைத் திட்டமிட்டு, ஏராளமாகச் செலவழித்து, 2014 டிசம்பரில் கைவிட்டது. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். நான் இப்ப கர்ப்பமா இருக்கேன். என்ன செய்யணும்?

ஆதாரம் உறுதியான விஷயங்களை முதலில் பாருங்கள். உங்கள் புகையும் வேண்டாம், வீட்டில் மற்றவர் புகையும் வேண்டாம். பொது இடப் புகைத்தடை வந்த இடங்களில் குறைப்பிரசவம் சுமார் 10 சதவீதம் குறைந்திருக்கிறது. கிணறு, ஆழ்துளைத் தண்ணீர் குடிப்பவர்கள் ஆர்செனிக் சோதனை செய்துகொள்ளலாம். பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை, ஈய பேட்டரி வேலை, பூச்சிமருந்து கலக்கும் வேலை இருந்தால் மாற்றிக் கேளுங்கள். சுறா, வாள்மீன் மாதிரிப் பெரிய வேட்டை மீன்களைத் தவிருங்கள். மற்ற மீன்களைப் பயந்து விட வேண்டாம், குழந்தையின் மூளைக்கு அவை நல்லது. எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் கர்ப்பம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவசியமான ஒன்றை மறுக்காதீர்கள். காசு கொடுத்து "நச்சு டெஸ்ட்" எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தை ரத்த ரிப்போர்ட் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன்.

காற்று உங்கள் கையில் பெரிதாக இல்லை. பெய்ஜிங்கிலும் சுங்கச்சாவடியிலும் மாற்றம் செய்தது தாய்மார் இல்லை, அரசுகள்.

என் குழந்தைக்கு ஏற்கெனவே புற்றுநோய். கர்ப்பத்துல நான் செஞ்ச ஏதோதான் காரணமா?

இந்த ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிப் பேசும்; ஒரு குழந்தையைக் காட்டி "இதனால்தான்" என்று சொல்லும் சக்தி அவற்றுக்கு அநேகமாகக் கிடையாது. டி.இ.எஸ்., எரியோனைட் போல ஒரே நோய்க்கு ஒரே காரணம் என்று வருவது விதிவிலக்கு. எக்ஸ்ரே கணக்கில் பார்த்தபடி ஆயிரத்தில் இரண்டு என்பது மூன்றை நெருங்கினாலும், நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காரணம் இல்லாமலே வந்திருக்கும், யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க வழியில்லை. சிறுவயதுப் புற்றுநோய்களில் ஒரு சிறு பகுதி, சுமார் பத்தில் ஒன்று, பரம்பரை மரபணு மாற்றத்தோடு சேர்ந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இளவயதில் வந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, மரபணு ஆலோசனை தேவையா என்று கேளுங்கள். அடுத்த குழந்தைக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் அந்தத் தகவல் உதவும்.